பதின்மூன்று ரீலில் முடிந்த துப்பறியும் படம்

அந்தத் துப்பறியும் படம் ஒரு மோசடி. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

எழுபதுகளில் கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். எனக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். என் மனைவி டைப்ரைட்டிங் ஹையர் தேறியவள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது. கல்யாணமான பெண் என்பதால் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள். நான் போடவில்லை. ரயில் நேரம் ஒத்துவராது என்பதில் தொடங்கி ஏழு காரணங்கள் சொன்னேன். ஏழையும் கேட்டுவிட்டு, சனிக்கிழமை டென்ட் கொட்டகைக்குப் போகலாம் என்றாள்.

போகிற வழியில்தான் பந்தயம் வைத்தாள்.

“ஏங்க, கொலகாரன் யாருன்னு மொத இடைவேளையிலயே நான் சொல்லிட்டா கையெழுத்து போட்டுர்றீங்களா?”

“தப்பா சொன்னா?”

“உங்க ஏழு காரணமும் கரெக்டுன்னு ஊட்லயே இருந்துடறேன்.”

ஒத்துக்கொண்டேன். தினம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துபோவதைக் குறிக்கிறவன் நான். என் கண்ணுக்கு எது தப்பும்?

படத்தில் ரைஸ்மில் முதலாளி ஒருவரைக் கொன்றுவிடுகிறார்கள். துப்பறிய வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஒல்லியான டிராயிங் மாஸ்டர். இன்னொருவன் தூங்குமூஞ்சிப் பயில்வான். மாஸ்டர் காலடித் தடத்தை நூல் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போதே, பயில்வான் அந்தத் தடத்தின் மேலேயே நடந்து வந்து, “இன்னா வாத்யாரே தேடறே?” என்பான். கொட்டகையே உருண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மில் கணக்குப்பிள்ளைக்கு எதிராக அதற்குள் பதினோரு துப்புகள் சேர்த்திருந்தேன். சட்டையில் மைக்கறை, அறுந்த செருப்பு, நின்றுபோன கடிகாரம், இப்படி.

டென்ட்டில் ஒரே புரொஜெக்டர், அதனால் மூன்று இடைவேளை. முதல் இடைவேளையில் விளக்குப் போட்டதும் என் மனைவி, “டாக்டரு” என்றாள்.

டாக்டர் அதுவரை வந்தது ஒரே காட்சி. நாடி பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

“எந்த ஆதாரத்துல சொல்ற?”

“அவரு எம்மாம் பெரிய நடிகரு! நாடி புடிச்சிட்டுப் போறதுக்கா இட்டாந்திருப்பாங்க?”

இதற்குப் பெயர் துப்பறிவதா? செத்தவன் யார், எப்போது செத்தான், கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது, ஒன்றையும் பார்க்காமல், சம்பளம் பெரியது என்பதற்காக ஒரு மனிதனைக் கொலைகாரன் ஆக்கலாமா? பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த அம்மாள் வேறு, “கரெக்டா சொன்னம்மா” என்று அவளுக்கு வேர்க்கடலை கொடுத்தாள்.

கடைசியில் கொலைகாரன் டாக்டர்தான். பயில்வான் அவர்மேல் தடுக்கி விழுந்து பிடித்தான். தடுக்கி விழுந்து! என் பதினோரு துப்புகளுக்கும் ஒரு பதில் கிடையாது.

படம் விட்டதும் நேரே ஆப்பரேட்டரிடம் போனேன்.

“சென்சார் சர்டிபிகேட்ல பதினாலு ரீல்னு போட்டிருந்தது. ரீல் மாறும்போது படம் துள்ளுதே, அதை எண்ணினேன். பதிமூணுதான் ஓட்டியிருக்க.”

“வுட்ட ரீல்ல ரெண்டு பாட்டு, ஒரு அழுவாச்சி சார். செகண்ட் ஷோவுக்கு லேட்டாவுதுன்னு மொதலாளி வுட்ற சொன்னாரு.”

“கணக்குப்பிள்ளையோட விஷயம் அதுலதான் இருந்திருக்கும். இந்தப் படம் செல்லாது.”

“இன்னா சார், பேஜாரு பண்றீங்க. அந்த ரீல போட்டாலும் டாக்டரு டாக்டருதான்.”

சுற்றி நின்ற ஆறேழு பேர் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் தொடங்கியதிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தவள் அவள். முதல் இடைவேளைக்குப் பிறகு அவள் சிரித்தாளா என்று யோசித்தேன். அதை நான் எண்ணவில்லை.

“அப்போ போட மாட்டீங்களா?” என்றாள்.

 ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். படம் மோசடி, ஆட்டம் செல்லாது என்று இன்னொரு முறை சொன்னேன். “சரிங்க” என்றாள். ஒரு கையெழுத்துதான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் மூன்று இடத்தில் கேட்டிருந்தார்கள். மூன்றிலும் போட்டேன்.