பெரிய மசூதி வாசலில் குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடியவர்

1973 என்று நினைக்கிறேன். மாசி மாதம். அப்போது நாங்கள் மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் மூத்த பிள்ளைக்கு ஒன்பது மாதம். கீழே பல் முளைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்த பருவம்.

ஒரு வாரமாகவே அவன் மூச்சு விடும்போது மெல்லிசாக விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே இருமல். உடம்பு சுடவில்லை, சளியும் பெரிதாக இல்லை. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, பனிக்காற்றுதான் காரணம் என்று சிவப்பாக ஒரு மருந்து கொடுத்தார். மருந்து தீர்ந்தது, விசில் தீரவில்லை. பகலெல்லாம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து நடந்து எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

காலையில் வாசலுக்கு வரும் கீரைக்காரம்மா அவனை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, கொயந்தைக்கு இப்டி இயுக்குது? கையில வசம்பு கட்டிகீற, அப்பவும் காத்து கருப்பு பட்டுகீது பாரேன். திருவல்லிக்கேணி பெரிய மசூதிக்கு இட்டுகினு போ. சாயங்காலம் தொயுதுட்டு வர்றவங்க ஓதி ஊதுவாங்க. என் பொண்ணுக்கு அங்கதான் சரியாச்சு."

நான் அதை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் எந்தக் கதவைக் காட்டினாலும் போய்த் தட்டத்தான் தோன்றும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை பார்த்தார். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குத் தகர ஷெட் வரைந்து வரைந்து அலுத்துப்போன மனிதர். கபாலி கோயிலுக்குப் போனால்கூட சாமியை விடத் தூணைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.

"ஊதறதாவது, மண்ணாவது" என்று ஆரம்பித்தவர், எந்த மசூதி என்று கேட்டதும் அப்படியே மாறிவிட்டார். "பெரிய மசூதியா? இரு, நானும் வரேன். ரொம்ப நாளா உள்ள போய்ப் பாக்கணும்னு இருந்தேன்."

ஆக, நான் குழந்தைக்காகக் கிளம்பினேன், அவர் கட்டடத்துக்காகக் கிளம்பினார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே பாடம் தொடங்கிவிட்டது. ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டியதாம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியப்போகிற சமயமாம். முழுக்க முழுக்கக் கருங்கல்லாம். "கட்டினப்போ மரம் ஒரு துண்டு போடலை, இரும்பு ஒரு துண்டு போடலைன்னு சொல்றா. உத்தரம் கிடையாது, கம்பி கிடையாது. அத்தனை பாரமும் கல்லு மேலயே எப்படி நிக்கறது, யோசிச்சுப் பாரு!" மக்கா இருக்கும் திசையைப் பார்த்த சுவரில், கட்டிய வருஷத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் பாரசீக வாசகம் கல்லில் வெட்டியிருக்கிறதாம். அதை இயற்றிக் கொடுத்தவர் நவாபிடம் உத்தியோகம் பார்த்த ஒரு இந்துவாம். வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பேன்.

"குழந்தைக்கு மூச்சு இழுக்கறது, நீங்க இரும்பைப் பத்திப் பேசிண்டு வரேளே!" என்று எரிந்து விழுந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். இவர் அதற்கப்புறமும் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

இறங்கி வாசலில் நின்றதும் எனக்கே கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெளியே நெடுஞ்சாலையில் பஸ்ஸும் ரிக்‌ஷாவும் இரைந்துகொண்டிருக்க, உள்ளே பரந்து கிடந்தது வெட்டவெளி. அதைத் தாண்டிப் படிகள், சாம்பல் நிறத்தில் அந்தக் கல் மண்டபம், வரிசையாக வளைவுகள். இரண்டு பக்கமும் உயர்ந்து நின்ற கோபுரங்களின் உச்சியில் மட்டும் கடைசி வெயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கோயில் கோபுரம் மாதிரி பொம்மை எதுவும் கிடையாது. அந்தக் கட்டடத்துக்கு அதன் பிரம்மாண்டமே போதுமாக இருந்தது.

வாசலோரம் ஏற்கெனவே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாதிப் பேர் என்னைப் போலக் குங்குமம் வைத்தவர்கள். இடுப்பில் குழந்தை, கையில் சொம்புத் தண்ணீர். ஓதிய தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போவார்களாம். கோயில் பழக்கத்தில் நான் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டேன். பக்கத்தில் நின்றவள், "இங்க நிக்கிறதுக்குச் செருப்பு கயட்ட வாணாம்மா" என்றாள். இருக்கட்டும் என்று வெறுங்காலோடுதான் நின்றேன்.

வாசலில் இருந்த பெரியவரிடம் இவர் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். "தொழுகை முடியட்டும் சார். அப்புறம் தாராளமா பாருங்க" என்றார். தொழுகை முடிந்து முதல் ஆட்கள் வெளியே வரத் தொடங்கியதுமே இவர் என்னை விட்டுவிட்டு, மைதானத்தைக் கடந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்த வளைவுகளுக்குள் போய் மறைந்துவிட்டார்.

வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று, வாய்க்குள் ஏதோ ஓதி, குழந்தைகளின் முகத்தில் ஊதிக்கொண்டே நகர்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என் பிள்ளையின் தலையில் கைவைத்து ஊதினார். இன்னொருவர் ஊதினார். பிள்ளை ஒரு தரம் பலமாக இருமினான். உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டான்.

விசில் நின்றுவிட்டது.

காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் அடித்த சத்தம் ஒரே ஊதலில் போய்விட்டது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையை நெற்றிக்கு உயர்த்தி, அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்து வந்தவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளை ஜிப்பா, வலைத்தொப்பி, கறுத்த தாடி. ஊதுவதற்காகக் குனிந்தார். உதடு குவிந்தது. ஆனால் ஊதவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கான்?"

"இப்பதான். விசில் நின்னுடுத்து, சரியாயிடுத்து" என்றேன் நான், சிரித்த முகமாக.

அடுத்த நொடி என் தோளில் குழந்தை இல்லை. பறித்துக்கொண்டு ஓடினார். மைதானத்தின் குறுக்கே, மண்டபத்தில் விளக்கு எரிந்த பக்கமாகத் தலைதெறிக்க ஓடினார். தொப்பி எங்கேயோ விழுந்தது. முதலில் வரிசையில் யாரோதான், "ஏய், கொயந்தையத் தூக்கினு ஓட்றான்யா!" என்று கத்தினார்கள். பிறகு நானும் கத்திக்கொண்டே ஓடினேன். புடவை தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் விளக்கடியில் படியில் உட்கார்ந்து, என் பிள்ளையைத் தொடைமேல் குப்புறப் போட்டிருந்தார். தலை கீழே தொங்கியது. முதுகில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். ஒன்பது மாதக் குழந்தை! அவன் அழவில்லை. கை கால் துவண்டு ஆடியது.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த மனிதர் மேல் பாய்ந்தேன். தலைமயிரைப் பிடித்து இழுத்தேன், கழுத்தில் பிறாண்டினேன், முதுகில் குத்தினேன். "பாவி, விடுடா, கொல்றான், என் குழந்தையைக் கொல்றான்!" மசூதிக்குள் நின்றுகொண்டு, தொழுதுவிட்டு வந்தவர்கள் நடுவில், ஒரு மயிலாப்பூர்ப் பெண் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். இவர் பேரைச் சொல்லியும் கத்தினேன். கல்யாணமானதிலிருந்து நான் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அன்று அந்தக் கல் மண்டபம் முழுக்க அந்தப் பேர் எதிரொலித்தது.

"அவங்க கையைப் பிடிங்க!" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குழந்தையை இன்னும் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் இன்னும் ஒரு அடி வைத்தார்.

அவன் வாயிலிருந்து என்னவோ கல்தரையில் விழுந்தது.

முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு விக்கல். பிறகு அழுகை. அடேயப்பா, என்ன அழுகை! அந்த வளைவுகளும் கூரையும் அதை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தன. மண்டபத்துக்குள் நாலைந்து குழந்தைகள் அழுவது மாதிரி கேட்டது. தூண்களுக்கு நடுவிலிருந்து இவர் ஓடி வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

கீழே கிடந்தது வசம்புத் துண்டு. பேர் வைத்த அன்று கையில் கட்டிய வளையலில் இருந்தது. குழந்தை சப்பினால் வயிற்றுக்கு நல்லது, காற்று கருப்பு அண்டாது என்று நம் வீடுகளில் கட்டுவோமே, அதுதான். பல் வந்ததும் கடித்து உடைத்திருக்கிறான். நூலில் கோத்திருந்த கறுப்பு மணிகள் நகர்ந்து அந்த இடைவெளியை மூடிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. விழுங்கியிருந்தால்கூட வயிற்றோடு வெளியே போயிருக்கும், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. அங்கே ஈரத்தில் ஊறி உப்பி, ஒரு வாரம் விசிலடித்துவிட்டு, அந்தப் பெரிய இருமலில் மேலே ஏறி அடைத்துக்கொண்டது.

இதையெல்லாம் அவர்தான் சொன்னார். அவர் டாக்டராம். அன்று அந்தப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்க்க வந்தவர், தொழுகை நேரமாகிவிட்டதே என்று உள்ளே வந்திருக்கிறார்.

"உதடு நீலமா இருந்துச்சும்மா. வெளியில இருட்டுல உங்களுக்குத் தெரியல. சத்தம் நின்னது குணமாகி இல்ல. காத்து போக வழியே இல்லாமப் போச்சு, அதான் நின்னுச்சு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை என் மடியில் கொடுத்தார்கள். இவர் கை நீட்டி அவனை வாங்கிக்கொண்டார்.

அதோடு அவர் விடவில்லை. உள்ளே வேறு துண்டு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்ஸி பிடித்து, எங்களை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்ஸி விளக்கில்தான் அவர் கழுத்தைப் பார்த்தேன். என் நகம் பட்ட இடமெல்லாம் சிவந்து, ஜிப்பா காலரில் ரத்தம். கை கூப்பினேன்.

"இதுல என்னம்மா இருக்கு? பிள்ளையை ஒருத்தன் அடிக்கறப்போ தாய் சும்மா நின்னிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்."

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வேறொன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "நீங்க ஊதவே இல்லையே" என்றேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார். தாழ்வாரத்தில் நின்றபடியே கண்ணை மூடி ஓதி, என் பிள்ளையின் நெற்றியில் ஊதினார். அவன் அவர் தாடியைப் பிடித்து இழுத்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அந்த மசூதிக்குப் போயிருக்கிறோம். அந்தப் பாரசீக எழுத்து வெட்டிய கல்லை டாக்டரே இவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். இரண்டு குடும்பமும் பழக்கமாகி, பிள்ளையும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். நடந்ததைக் கேட்பவர்கள் எல்லாரும் டாக்டர் பறித்துக்கொண்டு ஓடிய இடத்தில்தான் "ஐயோ" என்பார்கள். எனக்குக் குலை நடுங்குவது அங்கே இல்லை. அதற்கு முந்தின நிமிஷத்தில்தான். என் பிள்ளையின் உயிர் என் தோளிலேயே போய்க்கொண்டிருந்தது, நான் சந்தோஷமாகக் கண்ணீர் விட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எந்தக் குழந்தையாவது சத்தமே இல்லாமல் கிடந்தால் எல்லாரும் 'பாவம், நிம்மதியாத் தூங்கறது' என்கிறார்கள்; நான் மட்டும் இன்றுவரை எழுந்துபோய், குனிந்து, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் அதை நம்புகிறேன்.