கையில் எடுத்த செருப்பு

ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டைத் தாண்டினேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் கோமதியை அழைத்துப்போக அவளுடைய அப்பா முனுசாமி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் சிறுவயதில் எங்கள் தெருவை அவர் இப்படித்தான் கடப்பார், செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"முனுசாமி ஏம்ப்பா செருப்ப கையில எடுத்துகினு போறான்?" என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டேன். எனக்கு ஏழு வயது.

"தேஞ்சி பூடும்னுதான்" என்றார் அப்பா. நம்பினேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக் கோயில் கடையில் எனக்குச் சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தார்கள். தேயக்கூடாதே என்று நானும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தேன். அப்பா ஓடிவந்து பளாரென்று அறைந்தார்.

"நீ ஏண்டி கழட்டற? போடுடி காலுல!"

பெரியவளானதும் காரணம் புரிந்தது. பிறகு எனக்கு அது மறந்தும் போனது. அவருக்கு மறக்கவில்லை.

"யாருக்குப்பா கழட்டற?" என்றாள் கோமதி.

"ஐயா வூட்டுப் பொண்ணும்மா" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடுங்க காலுல!" என்றேன் பதறிப்போய். அப்பாவின் அதே அதட்டல்.

"சரிங்கம்மா" என்று பயந்து, உடனே போட்டுக்கொண்டார்.