எந்த அருணாசலம்?

யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய தவறு என்றால் கொஞ்சம் ஆறுதலாவது இருக்கும். நான் செய்தது, திருவண்ணாமலையில் பிறந்த ஒருவன் செய்திருக்கவே கூடாத தவறு. ஆகவே, நான் ஒரு கெட்டிக்கார முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமராக இருந்தேன். கம்ப்யூட்டர் ஓர் அறை நிறைய இருக்கும். கம்பெனியிலேயே அதற்கு மட்டும்தான் ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊரில் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் அம்மா, "தீபாராதனை எத்தினி மணிக்குடா?" என்று கேட்டார்.

வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் வியர்த்துக்கொட்டி வேலை செய்வார்கள். நான் உள்ளே ஸ்வெட்டரில் நடுங்குவேன். எனக்கு அவர்களெல்லாம் வெறும் ஓட்டை போட்ட அட்டைகள்தான். ஆளுக்கு ஓர் அட்டை. ஒருவர் முகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை.

அட்டைகளில் ஒரு தொல்லை இருந்தது. சிலருக்குத் தவறுதலாக இரண்டு அட்டை அடித்துவிடுவார்கள். விலாசப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வருவார். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இனிஷியல், பெயர், தாலுகா மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடு, அவ்வளவுதான். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் போன பிறகு, கை எட்டிய மட்டும் நானும் ஒரு தட்டு தட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர்த் தேரடியில் நின்று "அருணாசலம்!" என்று ஒரு குரல் கொடுங்கள். எட்டுப் பேர் திரும்புவார்கள். திரும்பாத ஒன்பதாவது ஆளுக்குக் காது கேட்காது. அப்பா அண்ணாமலை என்றால் மகன் அருணாசலம், பேரன் மறுபடி அண்ணாமலை; இரண்டும் எங்கள் மலையின் பெயர்கள்தான். என் பெயரும் இந்த இரண்டில் ஒன்றுதான். இந்த லட்சணத்தில் நான் இனிஷியலை நம்பினேன்.

ஒரு நாள் மாலை, தொழிலாளி ஒருவர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். சட்டைப் பையிலிருந்த கம்பெனி பாஸில் ரத்தம் படிந்து நம்பர் அழிந்திருந்தது. பெயர் மட்டும் தெரிந்தது. ஏ. அருணாசலம். என் பட்டியலில் அந்தப் பெயருக்கு ஒரே ஒருவர்தான்; ஊர் கீழ்பென்னாத்தூர். தந்தி போய்விட்டது.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு, அந்தக் கீழ்பென்னாத்தூர் அருணாசலம் டிபன் பாக்ஸோடு கேட்டில் வந்து நின்றார். வாட்ச்மேன் போட்ட கூச்சலில் ஆபீசே வெளியே வந்துவிட்டது. அப்புறம் பழைய அட்டைகளைக் கிளறினோம். நான் கெட்டிக்காரத்தனமாகத் தள்ளிய அட்டை கிடைத்தது. அதே இனிஷியல், அதே பெயர், அதே தாலுகா. ஊர் மட்டும் அடி அண்ணாமலை.

"உன் ஊர்தானேப்பா? நீயே போய்ச் சொல்லு" என்று அதிகாரி ஜீப்பைக் கொடுத்தார். இன்னொரு தந்தி அடித்தால் யார் நம்புவார்கள்? உயிரோடிருந்தவரையே என்னோடு ஏற்றிவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் வீட்டு வாசலில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சென்னைக்குப் புறப்பட வேன் நின்றுகொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து அவர் இறங்கியதும் அழுகை அப்படியே நின்றது. அவர் அம்மா ஓடிவந்து பளீரென்று கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"வேலைக்குத்தாம்மா போனேன்!"

ஊரே சிரித்தது. சாவுக்கு வந்த மேளக்காரர்கள் கல்யாண மேளம் அடித்தார்கள். எனக்கோ ராஜ மரியாதை. "எமனுக்கே டிமிக்கி குடுத்து இட்டாந்துட்டீங்களே சார்!" என்று ஒருவர் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். குடித்தேன். இந்தத் தந்திக்குக் காரணம் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாட்டிலையும் வாங்கிக்கொண்டேன். தாகம் இல்லை. அந்த வீட்டைவிட்டுக் கிளம்பப் பயம்.

"எழுந்திருங்க சார், அந்த வூட்லயும் போய்ச் சொல்லணுமில்ல" என்று அருணாசலம்தான் என் கையைப் பிடித்து எழுப்பி, கூடவே ஜீப்பில் ஏறினார்.

அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் ஒரு தேங்காய், கற்பூரக் கடை. கடையில் இருந்த பெண்ணிடம் அருணாசலம் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த அருணாசலம்னு கேக்கறீங்க? இங்க நாலு பேரு இருக்காங்களே" என்று பக்கத்தில் நின்ற இளைஞர்தான் பதில் சொன்னார்.

"மெட்ராஸ்ல கம்பெனியில வேலை செய்யறவர்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "எங்கூட்டுக்காரருதாங்க. இவரு என் கொழுந்தனாரு."

இன்னொரு தவறு நடந்துவிடக்கூடாதே என்று, "வீட்டுக்காரர் பேரை நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, பின்னால் இருந்த மலையைக் கையால் காட்டினார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கம். மாமனார் பெயரும் கூடாது. "அப்பா பேரு அண்ணாமலைங்க. அதனால அண்ணி பஸ்ல ஊர்ப் பேரையே சொல்ல மாட்டாங்க. 'நம்ம ஊருக்கு ஒண்ணு'ன்னுதான் டிக்கெட் கேப்பாங்க. கண்டக்டர் தலையில அடிச்சிக்குவாரு" என்று கொழுந்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்திலிருந்து போவதற்குள், வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

கொழுந்தனார் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அழவில்லை.

"கீழ்பென்னாத்தூர்ல செத்துட்டதா தந்தி வந்த ஆளு உசுரோட வந்துட்டாராமே? பஸ்ல வந்தவங்க சொன்னாங்க."

"இவர்தாம்மா அது" என்றேன்.

அந்தப் பெண் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அப்ப இதுவும் தப்பாத்தான் இருக்கும். நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க."

அவர் கடையைச் சாத்தினார். துவைத்த சட்டை, வேட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில இருந்தா மாத்திக்கத் துணி இருக்காது" என்று கொழுந்தனாரோடு ஜீப்பில் ஏறினார்.

வழியெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த கீழ்பென்னாத்தூர்க்காரரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். "அண்ணா, உங்களையும் இப்படித்தான சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"உங்கம்மா நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்கம்மா."

"நான் நம்பல" என்றார். அருணாசலம் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். சாவு வீட்டிலும் ஏதாவது கிண்டல் செய்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். அன்றைக்குச் சென்னை வரும்வரை மைல் கற்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது விடிந்திருந்தது. உள்ளே போன அந்தப் பெண், பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தார். கொழுந்தனார் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு பல வருடங்கள் பெரிய கம்பெனிகளில் புரோகிராம் எழுதிவிட்டேன். பெயர் என்று ஒரு கட்டம் வரும் இடத்தில் இன்றைக்கும் என் விரல் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்துக்குள் ஒரு வீடே உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று காலை, உடலைப் பெற்றுக்கொள்ள ஒரு தாளை ஆஸ்பத்திரிக்காரர் என்னிடம் நீட்டினார். பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதத் துணிவில்லை. அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். கைகாட்ட அங்கே மலை இல்லை என்பது பெயரைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பேர் என்னன்னு எழுதட்டும்மா?"

"அருணாசலம்."