உதடு தெரிய வேண்டும்

கேசட்டக்காவிடம் அவசரம் என்று போய் நிற்கக் கூடாது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய கடை. வீட்டில் எடுத்த பழைய வீடியோ கேசட்டுகளைக் கொடுத்தால், வேண்டாததை வெட்டி, மிச்சத்தை டிஸ்கில் எழுதித் தருவாள். "நாளைக்கே வேணும்" என்றால் எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்காருவாள். அதுதான் பதில்.

ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்ற மாட்டாள். திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், முகம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஆகிவிடும் என்பாள். எத்தனை கேசட் கொடுத்தாலும் எதிர்க்கடைக்காரர் ஒரே டிஸ்கில் அமுக்கிக் கொடுத்து ஆட்களை அள்ளிக்கொண்டிருந்தார். இவள் கண்டுகொள்ளவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அப்படிப்பட்டவளே ஒருமுறை விட்டுக்கொடுத்தாள். தாயைப் பறிகொடுத்த ஒரு பெண் பை நிறைய கேசட்டோடு வந்தாள். எல்லாம் அவளுடைய அப்பா எடுத்தவை. ஆலை இரைச்சலில் காதைத் தொலைத்தவர் அவர். காது கேக்காதவனுக்கு மைக் எதுக்கு என்று, மைக் செத்த கேமராவாகப் பார்த்து மலிவாக வாங்கினாராம். அதனால் எந்தக் கேசட்டிலும் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. பாட்டு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் போடச் சொன்னாள் மகள். அப்பாவுக்கு முட்டிவலி, அடிக்கடி எழுந்து மாற்ற முடியாது. கேசட்டக்கா கொஞ்சம் மல்லுக்கட்டிப் பார்த்தாள். பிறகு, பேச்சே இல்லாத படத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, அமுக்கிக் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் அந்த அப்பாவே முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். பின்னால் சங்கடத்தோடு மகள்.

"எம் பொண்டாட்டி வாயத் திறக்குறா. என்ன சொல்றான்னு தெரியல."

படத்தில்தான் சத்தமே இல்லையே என்று மகள் அவர் முகத்துக்கு நேராக வந்து சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எப்ப காதால கேட்டேன்? உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். அது தெரியலையே."

அந்தக் கேமராவில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் படம் நகத்தளவுதான் தெரியும். எடுக்கும்போது மனைவி பேசிய எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இப்போதாவது பார்த்துவிடலாம் என்றுதான் டிஸ்க் போடச் சொல்லியிருக்கிறார். கேசட்டக்கா அதை ஓட்டிப் பார்த்தாள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை அசைந்தது. அவளுக்கு மானமே போன மாதிரி இருந்தது.

வெட்டி ஒட்டிக் கணினியில் வைத்திருந்ததிலிருந்தே மறுபடி எழுதிப் பார்த்தாள். தேறவில்லை. அதுவும் அமுக்கியதுதான், அமுக்கும்போது போனது போனதுதான். கேசட்டுகளைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தாள் மகள். நல்லவேளை, கேசட்டக்கா யார் கேசட்டையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அலமாரியிலிருந்து இறக்கி, பிளேயரைத் துடைத்து, முதலிலிருந்து ஏற்றினாள். பாட்டு இல்லை, வெட்டு இல்லை. தனித்தனி டிஸ்குகளில் நிதானமாக எழுதினாள். இத்தனையையும் எழுந்து மாற்றுவீர்களா என்று அவரிடம் கேட்டாள்.

"மாத்துறேம்மா. எனக்கு வேற என்ன வேல."

கடையிலேயே ஒன்றைப் போட்டுக் காட்டினாள். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மா, திரும்பிக் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள். முகச்சுருக்கம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தடவையும் போடச் சொன்னார். மகள் அவர் தோளைத் தொட்டு, அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

"'அதக் கொஞ்சம் கீழ வைங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'ங்கிறா."

படத்தில் அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு துணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேமரா இறங்கவே இல்லை.