வெறுங்காலோடு இறக்கிய விமானம்

போன வருடம் வைகாசியில் என் அப்பா இறந்துபோனார். சிறுநீரகம் பழுது. அவருக்காக நானும் அம்மாவும் திங்கள்கிழமை தவறாமல் மடவார் வளாகம் போய் வைத்தியநாத சுவாமி சன்னதியில் நின்றோம். நம் வழிபாட்டுக் குழுவில் நீங்களும் எங்களோடு சேர்ந்து வேண்டினீர்கள். அப்படியும் அவர் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கொள்ளி வைத்த அன்று உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்தேன். தரை சுட்டதாகவே தெரியவில்லை. அம்மா சோறு போட்டால் சாப்பிட்டேன், போடாவிட்டால் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதும் நின்றது. சாமி மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்படவும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மம்சாபுரத்தில் தோட்டக் கூலி. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. உதவித்தொகை கிடைத்து நான் விமானம் ஓட்டப் படித்தேன். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு முதலாளி சொந்தமாக ஓடுதளம் போட்டு, பழங்கால விமானம் ஒன்றை ஆசையாக வைத்திருக்கிறார். இரண்டே இருக்கை, ஒன்றன்பின் ஒன்றாக. அதை ஓட்டிப் பராமரிப்பது என் வேலை.

அதற்கு மூக்கில் சக்கரம் கிடையாது. இறக்கைக்குக் கீழே இரண்டு சக்கரம், பிறகு வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இறங்கி ஓடும்போது வால் ஒரு பக்கமாக நழுவப் பார்க்கும். விட்டால் பம்பரம்போலச் சுற்றி இறக்கை தரையில் மோதும். நழுவுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கால் உணர்ந்து, வாலைத் திருப்பும் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மரத்துப்போனவனுக்கு இந்த வேலை. அப்பா போன பிறகு நான் வேகமானியின் முள்ளைப் பார்த்துத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். தரை தொட்டதும் சில தடவை ஓரத்துப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பயம்கூட வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. "அம்மாவைக் கூட்டிட்டு வாப்பா, பூஜை முடிஞ்சதும் ஒரு சுத்துக் காட்டு" என்றார் முதலாளி. அம்மா மில்லில் தன் மிஷினுக்கு வைப்பதுபோலவே விமானத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். துருத்திக்கொண்டிருந்த ஒன்றையும் விடவில்லை.

மெக்கானிக் தங்கப்பாண்டி அண்ணன் சிரித்தார். "எக்கா, எம்புட்டுச் சந்தனம்! இது பறக்கவா, இல்ல தேரோட்டமா?"

"நீ சும்மா இருலே. ஒரு இடத்தை விட்டாலும் அங்கதான் கோளாறு வரும்" என்றார் அம்மா.

நான் விமானத்தைச் சுற்றி வந்து சோதித்தது பூஜைக்கு முன்பு. பூஜைக்குக் கழற்றிய ஷூவைத் திரும்பப் போடவில்லை. சாமி கும்பிட்ட வெறுங்காலோடு அம்மாவை முன் இருக்கையில் ஏற்றி, நான் வழக்கம்போல் பின்னால் ஏறிக்கொண்டேன்; அந்த விமானத்தில் ஓட்டுகிறவனுக்குப் பின் இருக்கைதான். முள்ளெல்லாம் அம்மாவுக்கு முன்னால் இருந்தது. அவர் தலை மறைத்தது.

மேலே போனதும் அம்மா கத்தினார். "ஏலே, அந்தா தெரியுதே, நம்ம கம்மாயா?" பார்க்கச் சாய்ந்தார். அப்போதுதான் வேகமானி தெரிந்தது. முள் பூஜ்யத்தில் கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. இறக்கைக்கு முன்னால் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாய்க்குள் காற்று போனால்தான் முள் அசையும். அம்மா அதையும் விடவில்லை.

வேகம் தெரியாமல் இறக்க வேண்டும். குறைந்தால் இறக்கை தாங்காது, விழுந்துவிடும். கூடினால் ஓடுதளம் போதாது. மலைப்பக்கமிருந்து குறுக்குக் காற்று வேறு. முன்னால் என் அம்மா. அப்பா போன பிறகு எனக்கென்று இருக்கும் ஒரே ஆள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. அதற்கு அந்தண்டை மடவார் வளாகம். மாதக்கணக்கில் கூப்பிடாதவனைக் கூப்பிட்டேன். "வைத்தியநாதா, அப்பாவைக் கேட்டேன், கொடுக்கலை. அதைப் பேச வரலை. முள்ளு செத்துப்போச்சு. நானும் செத்துத்தான் கிடக்கேன். இவங்களைத் தரையில சேர்க்கிற அளவுக்காவது எனக்கு உணர்ச்சி கொடு."

ஒளி வரவில்லை. குரல் கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தைக் குறைத்து ஓடுதளத்துக்குத் திரும்பினேன். அப்போது உள்ளங்காலில் குளிர்ந்தது. பெடலின் இரும்பு. அது அதிர்வது தெரிந்தது. காற்று வாலைத் தள்ளுவது, விடுவது, திரும்பத் தள்ளுவது, எல்லாம் தோல் வழியாக வந்தது. கையில் பிடித்து ஓட்டும் ஸ்டிக் லேசாகித் தொளதொளத்தால் வேகம் குறைகிறது, விறைத்தால் கூடுகிறது. படித்ததுதான். ஆனால் மாதக்கணக்கில் எனக்கு அது தெரியவே இல்லை. இப்போது தெரிந்தது.

மூன்று சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொட்டன. வால் இடப்பக்கம் நழுவ நினைத்தது. நினைத்தபோதே வலது கால் மிதித்துவிட்டது. நான் மிதித்தேன் என்று சொல்லமாட்டேன். விமானம் நேராக ஓடி நின்றது.

"ஏலே, இறங்கியாச்சா?" என்றார் அம்மா. "மம்சாபுரம் பஸ்ஸு இதைவிடத் தூக்கிப் போடுமே!"

தங்கப்பாண்டி அண்ணன் குழாயைப் பார்த்தார். வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அவர் முகம் வெளுத்தது. "அக்காகிட்டச் சொல்லிறவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்ண்ணே."

வெயிலில் நின்றேன். தரை சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஷூவைப் போடுய்யா, பொத்துப்போகும்" என்றார். கொஞ்ச நேரம் போடவில்லை.

எந்தப் பூஜையில் குழாய் அடைத்ததோ, அதே பூஜைதான் என்னை வெறுங்காலோடு வைத்தது. தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. நான் கேட்டது கிடைத்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் பசி தெரிகிறது. திங்கள்கிழமை சன்னதியில் நிற்கும்போது கல்லின் குளிர்ச்சி தெரிகிறது. இனி எந்தப் பூஜை என்றாலும், முடிந்த பிறகு இன்னொரு தடவை விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பேன். உங்களில் யாருக்காவது என்னைப்போல உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தால், பெரிய பக்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிறபடியே போய், மரத்துப்போச்சு என்று அவனிடம் சொல்லுங்கள். அந்த வார்த்தை போதும்.

இன்னொன்று. "இறக்கையில குழாயா நீட்டிக்கிட்டிருக்கே, அந்த மூக்குக்கு ஒரு வஸ்திரம் தைச்சுக் கொடும்மா" என்று கேட்டேன். அம்மா சிவப்புப் பட்டில் விரல் அளவு உறை ஒன்று தைத்துத் தந்தார். இனி பூஜைக்கு முன்பு குழாயில் அதை மாட்டிவிடுவேன், அதன்மேல் அவர் எவ்வளவு சந்தனம் வேண்டுமானாலும் வைக்கலாம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. சந்தனம் அடைத்த கதையை இதை வாசிக்கிற நீங்கள் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.