போலீஸ் ஜீப்பின் பின்பக்கம்

போலீஸ் ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்தபோது, வயரிங் வேலைக்கு ஏணியும் பைப்பும் ஏற்றிப் போகத் தோதாக இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். அது பொய். ஏணி ஏற்றிப் போக ஒரு லோடு ஆட்டோ போதும். என்னைப் பார்த்து நாலு பேர் வழிவிட வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வயது வரைக்கும் யாரும் எனக்காக ஒதுங்கி நின்றதில்லை. நான்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தேன்.

மைதானத்து ஓரத்தில், வேப்பமரங்களுக்குக் கீழே, கண்டம் பண்ணிய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இனிமேல் ஆகாது என்று எழுதிக் கழித்துவிட்ட வண்டியைத்தான் கண்டம் வண்டி என்பார்கள். சிலவற்றின் உள்ளே புல் முளைத்திருந்தது. ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். சுற்றி வந்து பார்க்கலாம், குனிந்து அடியில் பார்க்கலாம், அவ்வளவுதான். வந்தவர்களில் பாதிப் பேர் பழைய இரும்புக்காரர்கள், வண்டியை எடைக்குப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சைரன் விளக்கைக் கழற்றி, எழுத்தையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் வண்டியைக் கையில் கொடுத்தார்கள். ஆனால் அது வருடக்கணக்காக வெயிலில் நின்ற வண்டி. எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ‘காவல்’ என்று வாசிக்கலாம். “ஃபுல்லா பெயின்ட் அடிச்சுருவோம்ணே, புது வண்டி கணக்கா ஆயிரும்” என்றார் பட்டறைக்காரர். கூரையில் விளக்கு இருந்த ஓட்டைகளை மட்டும் அடைக்கச் சொன்னேன். சட்டம் கேட்டதைச் செய்தாயிற்று. மிச்சத்தை வெயில் எழுதி வைத்திருக்கிறது, அதில் நான் ஏன் கை வைக்க வேண்டும்.

வண்டியின் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு நீள சீட்டு, நடுவில் வெறும் தகரத் தரை. பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். பட்டறைக்காரர் அதையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

அதற்குப் பிறகு நான் ராஜா. திருநகரிலிருந்து கிளம்பி மெயின் ரோட்டில் ஏறினால் ஹெல்மெட் போடாதவர்கள் சந்துக்குள் திரும்பினார்கள். மூன்று பேராகப் போகிற பைக்கில் பின்னால் இருப்பவன் குதித்து இறங்கி நடந்தான். பெட்டிக்கடைக்காரர் எதையோ எடுத்துக் கல்லாவுக்கு அடியில் தள்ளினார். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்குவேன், அவ்வளவுதான்.

ஒருமுறை கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வயரிங் பார்க்கப் போனேன். அங்கே ஒரு கோயிலுக்குப் போக வேண்டும் என்று தங்கச்சியும் கூட வந்தாள். வழியில், வறண்ட கண்மாய்க்குள், கருவேல மரத்தடியில் ஐந்தாறு பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோட்டை விட்டு வண்டியை இறக்கி நேரே அவர்களை நோக்கி விட்டேன். சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டுத் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். கனத்த உடம்புக்காரர் ஒருவருக்கு வேட்டி அவிழ்ந்து விழுந்தது. டவுசரோடு முள்ளுக்குள் புகுந்தார். நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன்.

“அண்ணே, அவரு காலெல்லாம் முள்ளுண்ணே” என்றாள் தங்கச்சி.

“முள்ளு குத்துனா எடுத்துக்கிருவான்” என்றேன். மேலூர் வரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு எப்போதுமே விளையாட்டுப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கச்சிக்கு அப்போது முப்பது. ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். நல்ல உயரம், என்னைவிட உயரம். அதனாலேயே மூன்று இடம் தட்டிப்போனது. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், அவள் எழுந்து நின்றதும் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். கடைசியில் வாடிப்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை லேப் டெக்னீசியன், அவளைவிட இரண்டு விரற்கடை உயரம். தாய் இல்லாத பையன், அப்பா சமைத்துப் போட்டு வளர்த்தவர். எங்களைப் போலவே அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி, பிள்ளை தலையெடுத்த பிறகு கரையேறிய குடும்பம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்ப் பேசி முடித்தோம். தங்கச்சி மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசத் தொடங்கினாள். குளிக்கும்போது அவள் பாடுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்குக் கல்யாணம் முடியாமல் எனக்கு முடியாது என்பதால் எனக்கும் சந்தோஷம்தான்.

முகூர்த்தப் பட்டு எடுக்க நாள் குறித்தோம். மாப்பிள்ளை வேலையை முடித்துவிட்டு பைக்கில் நேராகக் கடைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அவருடைய அப்பா பஸ்ஸில் வருவதாக இருந்தார். நான் விடுவேனா. “ஜீப்பு இருக்கையில பஸ் எதுக்கு மாமா, நான் வாரேன்” என்று போனில் சொல்லிவிட்டு அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போனேன். மனிதர் வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்றார். வண்டியைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனார். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அவள் முன்னால். தங்கச்சி பின்னால் ஒரு சீட்டில். அவரைப் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தால் தங்கச்சி மட்டும் தெரிந்தாள். எதிர் சீட்டு காலியாக இருந்தது.

“மாமா, மேல உக்காருங்க” என்று தங்கச்சி மெதுவாகச் சொல்வது கேட்டது.

வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வேட்டியோடு, வெறும் தகரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே தலை தெரியாத அளவுக்குக் குனிந்து. கதவு திறந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

“பழக்கதோசம் மாப்ள” என்றார். சிரிக்கப் பார்த்தார்.

சீட்டு போலீஸ்காரர்களுக்கு. பிடித்துக்கொண்டு போகிற ஆளைத் தரையில்தான் உட்கார வைப்பார்கள். இத்தனை மாதம் அந்த வண்டியை ஓட்டிய எனக்கு அது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. தெரிந்ததும் நான் என்ன செய்தேன் என்றால், வாய்விட்டுச் சிரித்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தங்கச்சி அவர் கையைப் பிடித்து எழுப்பி சீட்டில் உட்கார வைத்தாள்.

அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். “வயசுல கூலி கூட்டிக் கேட்டோம்னு நாலஞ்சு தடவ புடிச்சுக்கிட்டுப் போனாய்ங்க மாப்ள. அம்புட்டுத்தான். களவு கிளவு ஒண்ணுமில்ல” என்றார். பிறகு இன்னும் குரலை இறக்கி, “பயலுக்குத் தெரியாது. தெரிய வேணாம்” என்றார்.

“நான் எதுக்கு மாமா சொல்லப்போறேன்” என்றேன்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. கடைக்காரர் பட்டுநூல்காரர். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர் என்றாலும் வியாபாரத்தில் நம்மைவிட நல்ல மதுரைத் தமிழ் பேசுவார். மெத்தை விரிப்பில் எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையும் வந்துவிட்டார். சேலைகள் விரிந்தன. தங்கச்சி அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சரிகையைத் தடவிப் பார்த்து, “இதுதான் தாயி உனக்கு” என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கடைக்காரர் என்னிடம், “வாசல்ல நிக்கிற ஜீப்பு உங்களுதாண்ணே? ரெய்டுக்குத்தான் வந்துட்டாங்களோன்னு ஒரு நிமிசம் அரண்டு போனேன்” என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தவறவில்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அது சீட்டு ஆடியவர்கள் ஓடும்போது திரும்பிப் பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வையைக் கண்டால் எனக்குள் ஒரு தினவு எடுக்கும். ஆரம்பித்தேன்.

“நீங்க என்ன அரண்டீங்க, எங்க மாமாவக் கேளுங்க” என்றேன். கண்ணாடியில் ஆளைக் காணாததைச் சொன்னேன். கதவைத் திறந்ததைச் சொன்னேன். அது போதாதென்று மெத்தையை விட்டுத் தரைக்கு இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்து காட்டினேன். “பழக்கதோசம் மாப்ள” என்று அவர் குரலிலேயே சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். சேலை மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு கல்யாண வீட்டாரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அப்பாவிடம் திரும்பி, “எப்பப்பா?” என்றார்.

“அது கெடக்குப்பா. நீ சேலையப் பாரு.”

“எதுக்குப்பா எங்கிட்ட சொல்லல?”

பெரியவர் சரிகையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் மெத்தையில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

“மச்சான், எங்கப்பா எப்படி உக்காந்திருந்தாருன்னு இன்னொரு தடவ உக்காந்து காட்டுங்க. நான் சரியாப் பாக்கல.”

விளையாட்டுக்குச் சொன்னதாக மழுப்பினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “சும்மா காட்டுங்க மச்சான், எல்லாரும் சிரிச்சாங்கள்ல” என்றார். கடைக்காரர் தன் ஆளிடம் அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். அந்த மொழி எனக்குத் தெரியாது, ஆனால் என்னைத்தான் சொன்னார் என்பது தெரிந்தது. நான் உட்கார்ந்து காட்டவில்லை. மாப்பிள்ளை அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, “சேல நல்லாருக்கு தாயி” என்று தங்கச்சியிடம் சொன்னார். அவ்வளவுதான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் மடியில் இருந்த சேலையைக் கடைப்பெண் வந்து மெதுவாக உருவி எடுத்து மடித்தாள்.

ஆள் விட்டுப் பார்த்தேன். நானே போனில் பேசினேன். “எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, அவன்தான் கேக்க மாட்டேங்கிறான்” என்றார் பெரியவர். இன்னும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சியும் ஒரு தடவை மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசினாள். பத்து நிமிடத்தில் இறங்கி வந்து, “அவங்க அப்பாவப் பாத்துச் சிரிச்ச வீட்டுல எப்படிக் கை நனைக்கிறதுன்னு கேக்குறாரு. நான் என்னண்ணே சொல்லட்டும்?” என்றாள். அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அன்றைக்கு நான் அம்மாவிடம் போய், “ஊர் உலகத்துல நடக்காததா, இதுக்குப் போயி ஒரு கல்யாணத்த நிறுத்துவாய்ங்களா” என்று எகிறினேன். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பா மட்டும் சீட்டுல உக்காந்து போனாருன்னா நெனச்ச?” என்றாள்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது செத்துப்போன மனிதர். வயக்காட்டில் கலப்பை பிடித்தவர் என்பதற்கு மேல் எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்ப” என்று சொல்லிவிட்டுத் தைலப் பாட்டிலை மூடினாள்.

ஜீப்பை விற்றுவிட்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும். விற்கவில்லை. விற்றால் நான் செய்தது தப்பு என்று ஊருக்கே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். இப்போது எந்த வெயிலிலும் எழுத்துத் தெரிவதில்லை. யாரும் ஒதுங்குவதும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். தங்கச்சி ஏறினாள். இரண்டு பக்கமும் சீட்டு காலியாக இருந்தது. அவள் நடுவில், தகரத்தில் உட்கார்ந்தாள். நீளமான கால்கள், மடக்கி வைக்க இடம் போதவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேல உக்காரு” என்றேன்.

“நேரமாகுது, எடுண்ணே” என்றாள்.

அதிலிருந்து எங்கே போனாலும் அவள் அப்படித்தான் வருகிறாள். திட்டிப் பார்த்தேன். ஒருநாள் ரோட்டிலேயே நின்று அழுதும் பார்த்தேன். சண்டை போடுவதில்லை, பேசாமல் இருப்பதும் இல்லை, காய்கறி வாங்கவேண்டியதையெல்லாம் தரையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டு வருவாள். போய்ச் சேர்ந்ததும் நான் இறங்கிச் சுற்றிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும், அது வெளியிலிருந்துதான் திறக்கும். அதுவரைக்கும் அவள் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள்.