மிளகாய் வத்தல் திரிக்க வந்தவள்

சுடலைவடிவு வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. வண்ணார்பேட்டை மாவு மில்லில், மெஷின் சத்தத்தையும் மீறி, வரிசையில் நிற்கிற பெண்களை வம்புக்கு இழுப்பாள். தலை, புருவம் எல்லாம் மாவு. பன்னிரண்டு வருஷ வேலை அப்படித்தான் ஓடியது.

தொண்ணூற்று நாலில் ஒருநாள், பெல்ட் அவள் வலது கையை இழுத்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று. முதலாளி பாக்கியசீலன், பெல்ட்டுக்குக் கம்பிவலை போடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனார், கண்கூடக் கலங்கினார். நஷ்ட ஈடு என்று கேட்டதும், “யாரு இவ?” என்றுவிட்டார். சம்பளத்துக்குத்தான் கையெழுத்தே கிடையாதே, அவள் அங்கே வேலை பார்த்ததற்கு ஏது அத்தாட்சி! அந்தக் கையால் இனி பீடிகூடச் சுற்ற முடியாது. மகள் கலையரசி பத்தாவது படிக்கிறாள். வடிவு வயிறெரிந்து லேபர் ஆபீஸில் மனுக் கொடுத்தாள்.

விசாரிக்க அதிகாரி மில்லுக்கே வந்தார், வடிவையும் வரச்சொல்லி. முதலாளி சாமர்த்தியசாலி. அன்று மில்லை மூடி, புது வேலையாளுக்கு லீவு கொடுத்து, சலவை வேட்டியில் கைகட்டி நின்றார்.

“வேலைக்காரியா? ஐயையோ, மாவு திரிக்க வந்தவ சார். சும்மா இருக்காம பெல்ட்டுல கைய விட்டுட்டா. இங்கன எல்லா வேலையும் நான்தான் பாக்கேன்.”

இப்படித்தான் புளுகுவார் என்று வடிவுக்குத் தெரியும். கத்தவில்லை. சமர்த்தாகத் தூக்குவாளியை நீட்டினாள்.

“அண்ணாச்சி சொன்னா சரிதான் சார். இன்னைக்கும் திரிக்கத்தான் வந்தேன். ரெண்டு கிலோ மொளகா வத்தல், அண்ணாச்சி. நைசா இருக்கணும்.”

என்றும் முதலாளி என்று கூப்பிடுகிறவள், வாடிக்கைக்காரிகளைப் போல அண்ணாச்சி என்கிறாளே, மனுஷனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமோ?

“திரிங்களேன், பாப்போம்” என்றார் அதிகாரி.

வேறு வழியில்லை. சுவிட்சைப் போட்டார், வத்தலை மொத்தமாகக் கொட்டினார். தூள் விழுகிற வாயில் துணிப்பையைக் கட்ட மறந்தே போனார். அம்மாடி, என்ன நெடி! தூள் குபீரென்று முகத்துக்கு எழும்பியது. தும்மல், இருமல், கண்ணைத் திறக்க முடியவில்லை. வேட்டி சிவந்துவிட்டது. சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவினார்.

“ஏட்டி வடிவு! என்னத்தப் பாத்துட்டு நிக்கே? மோட்டார அமத்துட்டி! பன்னெண்டு வருஷமா எங்கிட்ட சம்பளம் வாங்குனேல்லா, இதக்கூடச் சொல்லணுமோ?”

வாசலுக்கு ஓடியிருந்த அதிகாரி, தும்மிக்கொண்டே அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வடிவு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மிச்சமிருந்த விரல்களால் சுவிட்சை அமர்த்தினாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர்தான். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே கிடந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தாள்.

“நைசா விழலியே, முதலாளி” என்றாள்.